வயலின் வளர்த்த பாலுசுவாமி தீட்சிதர்

பொதிய மலையில் தோன்றும் பொருநை ஆறு, பாபநாசத்தில் அருவியாக வீழ்ந்து, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் முதலிய ஊர்களை வளப்படுத்திப் புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கின்றது. தாமிரபரணி என வழங்கும் இவ்வாற்றின் இரு கரைகளும் நெல்லும் வாழையும் விளையும் நிலங்கள். அவற்றோடு இசையும் விளைந்த நிலங்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில், தட்டினால் இன்னொலி எழுப்பும் கல்தூண்கள் உள்ளன. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் கல்லைக் குடைந்து செய்த நாகசுரம் ஒன்று உள்ளது. கல்லையும் பாடவைத்த கைவினைஞர் வாழ்ந்த நாடு இது.

இவ்வாற்று வெளிக்கு வடகிழக்கே கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. அங்கே ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. வானத்தை நோக்கிப் பயிர் செய்யும் அம்மண்ணில் பருத்தியும் கம்பும் விளைகின்றன. அக்கரிசலின் நடுவில் அமைந்தது எட்டயபுரம். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1986-ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. மகாகவி பாரதியார் 1882-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இதுவே என்பதை யாவரும் அறிவர். பாரதியார் பிறப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்கு முன்னரே இவ்வூர் அரண்மனையில் வயலின் என்னும் மேல்நாட்டுக் கருவி தமிழகத்து இராகங்களை இசைத்துக்கொண்டிருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை இசைத்தவர் பாலுசுவாமி தீட்சிதர் என்னும் பெரியார்.

வந்த கருவி

இக்காலத்தில் கருநாடக இசை அரங்கு ஒன்றில் பாடகர் நடுவே அமர்ந்திருப்பார். ஒரு புறம் மிருதங்கம் இருக்கும். மற்றொரு புறம் வயலின் இருக்கும். வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அதனால் இக்கருவி தொன்றுதொட்டு நம் நாட்டில் இருந்து வருவது என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. வயலின் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் உருப்பெற்ற கருவி. அந்நாட்டின் கிரெமோனா நகரில் அமாத்தி குடும்பத்தாரும், 1737-ஆம் ஆண்டில் மறைந்த ஸ்டிராடிவாரி என்பவரும் செய்த வயலின்கள் இன்றளவும் ஈடிணையற்றனவாகப் போற்றப்படுகின்றன.

வில்லால் இழைத்து ஒலி எழுப்பும் கருவிகள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. இராவணஹஸ்தம், சாரங்கி முதலியன இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கி வந்தன. எனினும் தென்னாட்டு இசையரங்கில் தலைமை பெற்றிருந்த நரம்புக் கருவி வீணையே. வீணையின் நரம்பை விரலால் மீட்டினால் ஒலி எழும். எழுந்த ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்து அடங்கும். வயலினிலோ, வில்லில் கட்டிய குதிரை மயிர் நரம்பின்மேல் இழைந்துகொண்டிருக்கும் வரையில் ஒலி அறாது நீளும். மனிதர் மூச்சை அடக்கிப் பாடும் நீண்ட சுரத்தைப் போலவே அஃது ஒலிக்கும். மேலும், வீணையில் உள்ளனபோல மெட்டுகள் வயலினில் இல்லை. எனவே, ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு விரலை வழுக்கிச் செல்லலாம். இடைப்பட்ட நுண்ணிய ஒலிகள் யாவற்றையும் தொட்டுச் செல்லலாம். கமகமே உயிராக உடைய நம் இசைக்கு இதனினும் பொருத்தமான இயல்பு வேறு யாது?

ஆயினும், இப்பொருத்தம் முதலில் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. கோட்டைக்குள்ளே வெள்ளையர் தம் களிப்புக்காக வாசித்த கருவியாகவே அஃது இருந்தது. அதனைக் கையில் எடுத்து, நம் இசைக்கு உரியதாக்க இயலும் என்று காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

பிறப்பும் குடும்பமும்

பாலுசுவாமி தீட்சிதர் 1786-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். அவர் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) இசையிலும் வடமொழியிலும் தெலுங்கிலும் வல்லவர். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் பெரிதும் பாடப்பெறும் ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் எனப் போற்றப்படுபவர். அவருக்கு ஆண்மக்கள் மூவர். மூத்தவர், கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). இரண்டாமவர் சின்னசுவாமி தீட்சிதர். இளையவரே பாலுசுவாமி.

இசையே மூச்சாக வாழ்ந்த இல்லத்தில் பிறந்தமையால் பாலுசுவாமி இளமையிலேயே வாய்ப்பாட்டும் வீணையும் கற்றார். பின்னர் மிருதங்கம், சுவரபத் முதலிய கருவிகளிலும் பயிற்சி பெற்றார். எந்தக் கருவியைக் கண்டாலும் அதன் இயல்பை ஆராய்ந்து கையாளும் திறம் அவரிடம் இயற்கையாகவே அமைந்திருந்தது. புதிய கருவியைத் தொடுமுன் தம் நாட்டு இசையை அவர் ஐயந்திரிபறக் கற்றிருந்தார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவருடைய பிற்கால வெற்றிக்கெல்லாம் அதுவே அடிப்படை.

மணலியும் கோட்டையும்

சென்னைக்கு வடக்கே மணலி என்னும் ஊர் உள்ளது. அங்கே வாழ்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக விளங்கிய செல்வர். கலைஞர்களைப் போற்றுவதில் மகிழ்ச்சி கொண்டவர். இராமசுவாமி தீட்சிதரின் புலமையைக் கண்ட அவர், அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு இசை நிகழ்த்துவது வழக்கம். சின்னையா முதலியார் தீட்சிதர் குடும்பத்து இளைஞர்களையும் அங்கே அழைத்துச் செல்வார். பல கருவிகள் ஒருங்கே முழங்கும் அவ்விசை அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. அக்கருவிகளுள் பாலுசுவாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது வயலினே. அவருடைய ஆர்வத்தை உணர்ந்த முதலியார், கோட்டையைச் சார்ந்த ஐரோப்பியர் ஒருவரைக் கொண்டு அவருக்கு அக்கருவியைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மூன்றாண்டுகள் பாலுசுவாமி அவரிடம் பயின்றார். இச்செய்தியைப் பாலுசுவாமியின் வழித்தோன்றலாகிய சுப்பராம தீட்சிதரே எழுதி வைத்துள்ளார்.

சாத்திர மரபில் வளர்ந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் மேல்நாட்டு ஆசிரியரிடம் மாணாக்கராக அமர்வது அந்நாளில் எளிய செயல் அன்று. ஆசிரியரின் மொழி வேறு, இசை வேறு, சுரங்களைக் குறிக்கும் முறையும் வேறு. ஆயினும், கற்பிப்பவர் யாவர் என்பதைக் காட்டிலும் கற்கப்படுவது யாது என்பதே கற்போர்க்கு முதன்மையானது. பாலுசுவாமியின் தந்தையாரும் அதற்குத் தடை கூறவில்லை. புலமையில் முதிர்ந்தவராகிய அவர், தம் மகன் கற்ற இசை ஒரு புதிய கருவியைத் தொட்டதனால் கெட்டுவிடாது என்ற உறுதி உடையவராக இருந்தார் போலும்!

அண்ணனும் தம்பியும்

கோட்டை வாத்தியத்தைக் கேட்டதனால் பயன் பெற்றவர் பாலுசுவாமி மட்டும் அல்லர். மூத்தவராகிய முத்துசுவாமி தீட்சிதரும் அவ்விசையில் ஈடுபட்டார். ஆங்கிலேயரின் மெட்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றிற்கு வடமொழியில் இறைவனைப் போற்றும் சொற்களை அமைத்தார். ஆங்கில அரசரை வாழ்த்தும் நாட்டுப் பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்று. சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்த முப்பதுக்கு மேற்பட்ட இப்பாடல்கள் நோட்டுசுவரங்கள் என வழங்குகின்றன. இசை பயிலும் சிறுவர் சிறுமியர் இன்றும் அவற்றை விரும்பிப் பாடுகின்றனர்.

அண்ணன் செய்ததும் தம்பி செய்ததும் ஒன்றுக்கொன்று மறுதலையானவை. அண்ணன் மேல்நாட்டு மெட்டை எடுத்துக்கொண்டு நம் சொல்லை அதில் ஏற்றினார். தம்பியோ மேல்நாட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு நம் மெட்டை அதில் ஏற்றினார். முன்னது இனிய விளையாட்டாக நின்றது. பின்னது இசையுலகின் போக்கையே மாற்றியது.

கருவி உருமாறிய வகை

மேல்நாட்டார் வயலினை நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பர். கருவியின் அடிப்பகுதியைத் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே இடுக்கிக்கொள்வர். கழுத்துப் பகுதி முன்னோக்கி நீண்டு நிற்கும். அதனை இடக்கை தாங்கும். அவர்கள் இசைக்கு அந்நிலை ஏற்றது. நம் இசைக்கோ இடக்கை விரல்கள் நரம்பின்மேல் நெடுந்தூரம் தடையின்றி ஓடி வரவேண்டும். கருவியைத் தாங்கும் வேலையும் அக்கைக்கு இருப்பின் கமகம் தடைப்படும்.

இதற்குத் தென்னாட்டு வித்துவான்கள் கண்ட வழி எளியது, ஆயினும் நுட்பமானது. தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, வலக்காலைச் சற்றே முன்னே நீட்டி, வயலினின் தலைப்பகுதியை வலக்கணுக்காலின்மேல் ஊன்றி, அடிப்பகுதியை இடத்தோளின் கீழே மார்பில் சார்த்திக்கொள்கின்றனர். கருவி இரு முனைகளிலும் தாங்கப்பட்டு அசையாமல் நிற்கின்றது. இடக்கை முழு உரிமை பெறுகின்றது. விரல்கள் வழுக்கி ஏறலாம்; இறங்கலாம்; அசையலாம்.

நரம்புகளுக்குச் சுருதி கூட்டும் முறையும் மாறியது. மேல்நாட்டு முறையில் நான்கு நரம்புகளும் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஐந்தாம் சுரமாக அமையும். நம் முறையில் கீழ்ச் சட்சம், கீழ்ப் பஞ்சமம், நடுச் சட்சம், நடுப் பஞ்சமம் என அமைக்கின்றனர். சட்சமும் பஞ்சமமும் நம் இசையில் அசையாத் தூண்கள். அத்தூண்கள் நான்கின்மேல் எந்த இராகத்தையும் எழுப்பலாம். பாடுபவர் எந்தச் சுருதியில் பாடினாலும் நரம்புகளை முறுக்கியோ தளர்த்தியோ அதற்கு இணங்கச் செய்யலாம். மரப்பெட்டி மாறவில்லை, நரம்பின் தொகை மாறவில்லை, வில் மாறவில்லை. அமரும் நிலையும் சுருதி முறையும் விரலின் ஓட்டமுமே மாறின. அம்மாற்றத்தால் அந்நியக் கருவி நம் குரலைப் பெற்றது.

இம்மாற்றங்கள் ஒரே நாளில் ஒருவரால் முடிந்தன அல்ல. வழிவழி வந்த வித்துவான்கள் பலர் சிறிது சிறிதாகச் செப்பம் செய்தனர். எனினும், இவ்வழியில் முதலில் அடியெடுத்து வைத்தவராகப் பாலுசுவாமி தீட்சிதரையே இசை வரலாறு போற்றுகின்றது.

கரிசலுக்கு வந்த இசை

மணலியிலிருந்து திருவாரூர்க்கு மீண்ட பின்னர், சின்னசுவாமியும் பாலுசுவாமியும் இணைந்து பல ஊர்களுக்கும் சென்று இசை நிகழ்த்தி வந்தனர். 1817-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். 1823-ஆம் ஆண்டில் மற்றொரு துயரம் நேர்ந்தது. மதுரையில் சின்னசுவாமி தீட்சிதர் காலமானார். உடன்பிறந்தவராகவும் உடன் பாடுபவராகவும் இருந்த துணையை இழந்த பாலுசுவாமி மனம் நொந்து தெற்கு நோக்கிச் சென்றார். அவ்வாறு சென்றவருக்குப் புகலிடமாக அமைந்தது எட்டயபுரம் சமஸ்தானம்.

எட்டயபுரம் என்றவுடன் கட்டபொம்மன் கதையோடு இணைந்த எட்டப்பன் என்னும் பெயரையே பலர் நினைப்பர். அச்சமஸ்தானத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. கடிகைமுத்துப் புலவர் அங்கே அவைப்புலவராக விளங்கினார். அவர்தம் மாணாக்கரும் சீறாப்புராணத்தின் ஆசிரியருமாகிய உமறுப்புலவரும் அவ்வவையில் சிறப்புற்றார். கழுகுமலை முருகனை வழிபடும் மன்னர், இசுலாமியப் புலவரையும் தம் அவையில் வைத்துப் போற்றினர். திறமை எங்கிருந்து வந்தாலும் வரவேற்ற அவை அது. அவ்வவைக்கு மேல்நாட்டுக் கருவியோடு ஒருவர் வந்தபோது, கருவி எந்நாட்டது என்று எவரும் வினவவில்லை. இசை எத்தகையது என்பதையே கேட்டனர். கேட்டு மகிழ்ந்த மன்னர், பாலுசுவாமியைச் சமஸ்தான வித்துவானாக அமர்த்திக்கொண்டார். அவருக்கு மணம் செய்விக்கவும் ஏற்பாடு செய்தார்.

இளையவரைப் பிரிந்து வருந்திய முத்துசுவாமி தீட்சிதர், அவர் எட்டயபுரத்தில் இருப்பதை வழிப்போக்கர் வாயிலாக அறிந்து அவ்வூரை நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்த வழியில் கரிசல் நிலம் மழையின்றிக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அது கண்டு இரங்கிய தீட்சிதர் அமிர்தவர்ஷினி இராகத்தில் அன்னையை வேண்டிப் பாட, வானம் கறுத்து மழை பொழிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. மழைக்காக வானத்தைப் பார்த்து வாழும் மக்கள் அச்செய்தியை இன்றும் மறவாதிருப்பதில் வியப்பில்லை.

உடன்பிறந்தார் இருவரும் மீண்டும் ஒன்றுகூடினர். முத்துசுவாமி தீட்சிதர் திருநெல்வேலிக் காந்திமதி அம்மை மீதும் கழுகுமலை முருகன் மீதும் பாடிய கீர்த்தனைகள், இந்நாட்டோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்புக்குச் சான்றாக உள்ளன. 1835-ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாளன்று, மாணாக்கர் பாடக் கேட்டவாறே அவர் எட்டயபுரத்தில் உயிர் நீத்தார் என்பர். அவர் நினைவிடம் அவ்வூரிலேயே உள்ளது. மூவராகத் தொடங்கிய குடும்பத்தில் பாலுசுவாமி ஒருவரே எஞ்சி நின்றார்.

காப்பாற்றப்பட்ட செல்வம்

அக்காலத்தில் இசை பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படவில்லை. ஆசிரியர் வாயால் பாட, மாணாக்கர் செவியால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வர். பாடம் பெற்றவர் பிறர்க்குச் சொல்லாமல் மறைந்தால் பாடலும் அவரோடு மறைந்துவிடும். தந்தையாரும் தமையன்மாரும் தேடி வைத்த பெருஞ்செல்வம் இப்போது பாலுசுவாமியின் நினைவை நம்பி நின்றது. அவருக்கு ஆண்மக்கள் இலர். எனவே, தம் மகள் வயிற்றுப் பேரனாகிய பாலசுப்பிரமணியன் என்னும் சிறுவனைத் தத்து எடுத்துக்கொண்டார். 1839-ஆம் ஆண்டில் பிறந்த அச்சிறுவனே பின்னாளில் சுப்பராம தீட்சிதர் எனப் புகழ்பெற்றார். பாட்டனார் அவருக்குத் தந்தையும் ஆனார், ஆசிரியரும் ஆனார். எட்டயபுரத்திலேயே தங்கித் தாம் அறிந்த இசையையெல்லாம் பாலுசுவாமி அவருக்குக் கற்பித்தார். 1858-ஆம் ஆண்டில் பாலுசுவாமி தீட்சிதர் மறைந்தார். அவர் வகித்த பதவி சுப்பராம தீட்சிதருக்கு வந்தது.

சுப்பராம தீட்சிதர் தம் முதுமையில் ஓர் அரிய செயல் செய்தார். சின்னசுவாமி முதலியார் என்னும் அறிஞர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் இசைக் குறியீட்டில் எழுதி வெளியிட முயன்றவர். குடும்பச் சொத்தாக மறைந்திருக்கும் பாடல்களை உலகுக்கு அளிக்குமாறு சுப்பராம தீட்சிதரைப் பெரிதும் வேண்டினார். எட்டயபுரம் அரசரும் பொருளுதவி புரிந்தார். அதன் பயனாக 1904-ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட அந்நூலில் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூறுக்கு மேற்பட்டவை சுரத்தோடும் கமகக் குறிகளோடும் பதிக்கப்பட்டுள்ளன. அந்நூல் இல்லையேல் அக்கீர்த்தனைகளின் பழைய வடிவத்தை நாம் அறிவது அரிது. நூல் வெளிவந்த இரண்டாண்டுகளில், 1906-ஆம் ஆண்டில், சுப்பராம தீட்சிதர் காலமானார். அவர் மறைவுக்கு இரங்கிப் பாரதியார் கவிதை பாடினார்.

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் (1863–1936) அம்மரபை மேலும் தொடர்ந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களுள் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த வேதாந்த பாகவதரும் அனந்தகிருஷ்ண ஐயரும் குறிப்பிடத்தக்கவர்கள். அனந்தகிருஷ்ண ஐயர் கல்கத்தாவில் இசைப்பள்ளி நிறுவி அப்பாடல்களைப் பரப்பினார். கல்லிடைக்குறிச்சிச் சுந்தரம் ஐயர் அவற்றைப் பல தொகுதிகளாக அச்சிட்டு வழங்கினார். கரிசலில் காக்கப்பட்ட இசை, பொருநைக் கரைக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரந்தது.

வயலினின் வளர்ச்சி

பாலுசுவாமி காட்டிய வழியில் பலர் வந்தனர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கரும் தஞ்சை நால்வருள் இளையவருமாகிய வடிவேலு, வயலினில் தேர்ச்சி பெற்றுத் திருவனந்தபுரம் சென்றார். அவர் வாசிப்பில் மகிழ்ந்த சுவாதித் திருநாள் மன்னர், 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். பின்னர் திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர், மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை, கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை முதலியோர் வயலினைப் பக்க வாத்தியங்களுள் தலையாயதாக உயர்த்தினர்.

துவாரம் வேங்கடசுவாமி நாயுடு (1893–1964) அதனைத் தனித்து நின்று கச்சேரி செய்யும் கருவியாக்கினார். 1952-ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுகின் இந்தியாவுக்கு வந்தபோது நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்து பாராட்டினார். ஐரோப்பியர் ஒருவரிடம் கற்கத் தொடங்கிய கலையை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னர் மேல்நாட்டு மேதை ஒருவர் நம்மிடம் வந்து கேட்டார். கடனாகப் பெற்ற விதை மரமாகிப் பழுத்து, விதை தந்தவர்க்கே கனி அளித்தது எனலாம்.

ஜப்பானியர் சென்ற வழி

வயலினை அயல்நாட்டிலிருந்து பெற்றவர் நாம் மட்டும் அல்லர். கீழ்த்திசையில் உள்ள ஜப்பானும் அதனைப் பெற்றது. 1868-ஆம் ஆண்டில் மெய்ஜி ஆட்சி தோன்றியபின் அந்நாடு மேல்நாட்டுக் கலைகளையும் அறிவியலையும் விரைந்து கற்கத் தொடங்கியது. 1889-ஆம் ஆண்டில் கோதா நொபு என்னும் பெண்மணியை அந்நாட்டு அரசு இசை கற்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பியது. அவர் தங்கையாகிய அந்தோ கோ, ஜெர்மனியில் யோவாகிம் என்னும் பேராசானிடம் வயலின் பயின்று நாடு திரும்பிக் கற்பித்தார். நகோயா நகரில் ஷாமிசென் என்னும் நாட்டுக் கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த சுசுகி மசாகிச்சி, வயலின் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். அவர் மகன் சுசுகி ஷினிச்சி (1898–1998) ஜெர்மனி சென்று பயின்று, வயலின் வித்துவானாகவும் ஆசிரியராகவும் விளங்கினார். தாய்மொழியைக் குழந்தை கேட்டுக் கேட்டே பேசக் கற்பதுபோல, இசையையும் கேட்டுக் கேட்டே கற்கலாம் என்பது அவர் கொள்கை. அம்முறை இன்று உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றது.

ஜப்பானியர் வயலினோடு அதற்குரிய மேல்நாட்டு இசையையும் சேர்த்துக் கற்று அதில் மேன்மை பெற்றனர். தமிழகத்தார் கருவியை மட்டும் ஏற்று, அதன் வாயில் தம் இசையை வைத்தனர். இரண்டும் கடின உழைப்பால் கைகூடியவையே. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் வேண்டா. ஆயினும், நம் நாட்டில் நிகழ்ந்தது ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்தல் நலம். கருவி வந்தபோது நம்மிடம் நிறைந்த இசை இருந்தது. அதனை முற்றக் கற்றவர் கைக்கே அக்கருவி முதலில் சென்றது. அதனால் கருவி இசையை மாற்றவில்லை. இசையே கருவியை மாற்றியது. சுசுகி பிற்காலத்தில் வகுத்துரைத்த செவிவழிக் கல்வியே பாலுசுவாமி தம் பேரனுக்கு எட்டயபுரத்தில் அளித்த கல்வியும் ஆகும்.

நாம் கொள்ளத்தக்கது

பாலுசுவாமி தீட்சிதர் பேரரசர் அல்லர். போர் வென்றவரும் அல்லர். தமையனார் பெயர் அறிந்தவருள் தம்பியின் பெயர் அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும், மாலைதோறும் நாட்டில் எத்தனை இசையரங்குகள் நடைபெறுகின்றனவோ அத்தனையிலும் அவர் தொண்டு ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பாடுபவரின் குரலை நிழல்போல் தொடர்ந்து வரும் வயலினில் அவர் உழைப்பு மறைந்து நிற்கின்றது.

புதியது ஒன்று வரும்போது மக்கள் இருவகையாக நடந்துகொள்வர். சிலர், அஃது அயலாருடையது என்று வெறுத்து ஒதுக்குவர். சிலர், அதன் பின்னே சென்று தம்முடையதை மறந்துவிடுவர். இவ்விரண்டும் அறியாமையின்பாற்பட்டவை. தம்முடையதை நன்கு கற்றவர்க்கு அயலாருடையதைக் கண்டு அச்சம் தோன்றாது, மயக்கமும் தோன்றாது. அவர் அதனைப் பொறுமையோடு பயின்று, வேண்டுவன கொண்டு, வேண்டாதன நீக்கித் தம் நாட்டுக்கு உரியதாக்குவர். மணலியில் மூன்றாண்டுகள் மாணாக்கராக அமர்ந்து, எட்டயபுரத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் வித்துவானாக விளங்கிய அப்பெரியாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. அயல்மொழிகளையும் அயல்நாட்டு அறிவையும் பயிலும் இக்கால மாணவர், அவர் நடந்த வழியை மனத்திற்கொண்டு, தம் மொழியிலும் கலையிலும் முதலில் வேரூன்றி நிற்பாராக.